உணவை அச்சிடும் பொறியும் கமக்காரரின் விளைபொருளும்

வறுத்த அரிசிமாவிற் கொதிநீர் ஊற்றிக் குழைத்து, இடியப்ப உரலில் இட்டு அழுத்தினால், மா இழை இழையாகத் தட்டின்மேல் விழுகின்றது. உரலைப் பிடித்த கை வட்டமாகச் சுழன்றால் இடியப்பமும் வட்டமாக அமைகின்றது. கை தவறினால் வடிவமும் தவறுகின்றது. அக்கையின் தொழிலை ஒரு பொறியிடம் ஒப்படைத்து, கை செல்லவேண்டிய வழியை முன்கூட்டியே கணினிக்கு உணர்த்தி, குழைமாவை ஒரு படையின்மேல் இன்னொரு படையாக அடுக்கச் செய்தால் அதுவே உணவு அச்சிடும் பொறியாகும். முப்பரிமாண அச்சு என அறிஞர் வழங்கும் இம்முறை பெயரளவிற் புதியதாயினும், கமக்காரர் வீட்டு அடுக்களைக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

வேறுபாடு ஒன்றுண்டு. இடியப்ப உரலிற் பல துளைகள் உள. பொறியிற் பெரும்பாலும் ஒரே துளைதான். அத்துளை ஒரு மில்லிமீற்றர் அளவினதாகவோ அதனினும் சற்றுச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கும். அது இடம் வலமாகவும், முன் பின்னாகவும், ஒரு படை முடிந்ததும் ஓர் இழையின் பருமனளவு மேலேயும் நகர்கின்றது. இவ்வாறு நூறு படைகள் அடுக்கப்பட்டால் ஒரு சிறு கிண்ணமோ, பூவோ, கோபுரமோ உருவாகும். வார்ப்பு அச்சு எதுவும் வேண்டியதில்லை. வடிவத்தை மாற்றவேண்டின் கணினியில் உள்ள படத்தை மாற்றினாற் போதும்.

பொறி பிறந்த வரலாறு

இப்பொறி தொடக்கத்தில் உணவுக்காக ஆக்கப்பட்டதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹல் என்பவர், ஊதா கடந்த ஒளி பட்டால் இறுகும் பிசின் திரவத்தைப் படை படையாக இறுகச் செய்து பொருள்களை உருவாக்கும் முறைக்கு 1984ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் கோரினார். அது 1986இல் வழங்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின், 1989இல், ஸ்கொட் கிரம்ப் என்பவர் உருகிய பிளாஸ்திக்கை நுண்துளை வழியே இழையாக வெளியேற்றி அடுக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் கோரினார். தம் மகளுக்கு ஒரு விளையாட்டுத் தவளை செய்து கொடுக்க எண்ணி, சூடான பசையை வெளியேற்றும் கைக்கருவியைக் கொண்டு அவர் செய்த முயற்சியே இதற்கு வித்து என்று சொல்லப்படுகின்றது. உணவு அச்சிடும் பொறிகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டாம் முறையின் வழிவந்தவையே.

உணவை இவ்வாறு ஆக்கலாம் என்ற எண்ணம் ஏட்டில் முதலில் இடம்பெற்றவற்றுள் ஒன்று, 2001ஆம் ஆண்டில் நனோரெக் இன்ஸ்ருமென்ற்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பெற்ற உரிமைப் பத்திரமாகும். கேக்கு முதலிய பண்டங்களைக் கணினியின் துணையோடு படை படையாக ஆக்கும் வழி அதில் விவரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. அக்காலத்து முப்பரிமாண அச்சுப்பொறிகள் பெருந்தொகைப் பணம் பெறுவன. அவற்றின் உள்ளமைப்பைப் பிறர் தொட்டு மாற்றுதலும் இயலாது. மோட்டார் வண்டித் தொழிற்சாலைக்கு ஏற்ற அப்பொறியில் எவரும் பிஸ்கோத்து மாவை ஊற்றிப் பார்க்கத் துணியமாட்டார் அல்லவா?

பூட்டைத் திறந்துவிட்டவை இரண்டு முயற்சிகள். 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் போயர், தன் உறுப்புக்களிற் சிலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளத்தக்க ஒரு மலிவான பொறியைப் பற்றிய வேலையைத் தொடங்கி, அதன் வரைபடங்களை யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். அடுத்த ஆண்டில், நியூயோர்க் மாநிலத்தின் இதாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹொட் லிப்சனும் அவர் மாணவர் இவான் மலோனும் 'ஃபாப் அட் ஹோம்' என்னும் பொறியை வெளியிட்டனர். இதன் வரைபடங்களும் இலவசமே. உறுப்புக்களை வாங்கிப் பூட்டுவதற்கு 2500 டொலருக்குக் குறைவாகவே செலவாயிற்று.

இவ்விரண்டாவது பொறியில் பிளாஸ்திக்கு இழை உருக்கப்படவில்லை. அதன் தலையில் இருந்தது மருந்தேற்றும் குழாய் போன்ற ஒரு குழாய். அதன் தண்டை ஒரு சிறு மோட்டார் தள்ளிற்று. குழாய்க்குள் எது குழைவாக நிற்குமோ அதை அச்சிடலாம். பிசினையும் இரப்பர்ப் பசையையும் இட்டுப் பார்த்தவர்கள், விரைவிலேயே சொக்கலேற்று, பாற்கட்டி, கேக்குப் பூச்சு ஆகியவற்றையும் இட்டனர். அதன் காரணம் எளிது. உணவுப் பசை கைக்கெட்டுவது, விலை குறைந்தது, நச்சாவி இல்லாதது, தவறிப்போனாலும் தின்னத்தக்கது. உயர்நிலைப் பாடசாலை மாணவி ஒருவர், குழாயைச் சூடாக வைத்திருக்கும் ஓர் ஒழுங்கைச் செய்து சொக்கலேற்றை அச்சிட்டதும் 2007ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததே.

அதே 2007ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் வேறொரு வழி தோன்றிற்று. விண்டெல் ஒஸ்கே, லெனோர் எட்மன் ஆகிய இருவர், பழைய வரைபொறிகளின் உறுப்புக்களைக் கொண்டு சீனியை உருக்கி ஒட்டும் பொறி ஒன்றைக் கட்டினர். ஒரு தட்டிற் சீனியைப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய சூடான காற்றை ஊதினால் அவ்விடத்துச் சீனி உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மீண்டும் சீனி பரப்பப்படும்; மீண்டும் ஊதப்படும். உருகாத சீனியே உருவத்தைத் தாங்கி நிற்பதால், அந்தரத்தில் நீண்டு நிற்கும் பகுதிகளையும் ஆக்க முடிந்தது. எஞ்சிய சீனி அடுத்த வேலைக்கு உதவும். பொருளின் மேற்பரப்புக் கரடுமுரடாக இருந்தது உண்மையே; எனினும் சிக்கனம் கருதும் எவரும் இவ்வேற்பாட்டைப் பாராட்டாதிருக்க முடியாது.

வடிவம் நின்றது, வேகவைத்ததும் குலைந்தது

உணவை அச்சிடுவது ஒன்று, அச்சிட்டதைச் சமைப்பது வேறு. ஆரம்பகால ஆய்வாளர் அனைவரும் இடறிய கல் இதுவே. பிஸ்கோத்து மாவில் அழகிய வடிவம் ஒன்றை அச்சிட்டு வெதுப்பியில் வைத்தால், வெண்ணெய் உருகி, மா பரந்து, வடிவம் மறைந்துவிடும். கோர்னெல் ஆய்வாளர் வெண்ணெய், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பலமுறை சோதித்து, வெந்த பின்னும் வடிவம் நிற்கும் கலவையைக் கண்டனர். இறைச்சிக்கு வேறு வழி தேவைப்பட்டது. வான்கோழி இறைச்சியையும் சிப்பி இறைச்சியையும் அரைத்த கூழில், புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியம் ஒன்றைச் சேர்த்தபோது, அச்சிட்ட உருவம் வேகவைத்தும் பொரித்தும் உண்ணத்தக்கதாக நின்றது. இவ்வாய்வுகள் 2010ஆம் ஆண்டில் வெளியாயின. நியூயோர்க் நகரின் பிரெஞ்சுச் சமையற்கலை நிறுவனத்தாரும் இவ்வேலையிற் பங்குகொண்டனர்.

அதற்கு முந்திய ஆண்டில் அதே குழுவினர் இன்னொரு பாதையையும் ஆராய்ந்தனர். நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைப் பொறியில் ஏற்றுவது இயலாது. ஆகவே செலற்றின், சாந்தன் பிசின் என்னும் இரு கூழாக்கிகளையும் சில சுவைப் பொருள்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் அளவை மாற்றி மாற்றி, வாயில் மென்மையாகவும் இறுக்கமாகவும் உணரப்படும் பலவகைப் பண்டங்களை ஆக்கலாமா என்று பார்த்தனர். ஆக்கலாம் என்பது விடை. ஆனால் பிசினும் செலற்றினும் உண்டு எவரும் வயலில் இறங்க முடியாது. இப்பாதை ஆய்வுக்கு உகந்ததேயன்றி அன்றாட உணவுக்கு உகந்ததன்று என்பது வெளிப்படை.

இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் 2011இல் சொக்கலேற்று அச்சிடும் பொறியை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. சொக்கலேற்று ஏன் முதலில் வெற்றி கண்டது என்றால், அது சற்றுச் சூட்டில் இளகி, சற்றுக் குளிரில் இறுகுவது; அச்சிட்ட பின் சமைக்கவேண்டியதும் இல்லை. சூட்டை மட்டும் ஏறக்குறைய 31, 32 பாகை செல்சியஸ் அளவில் வழுவாது பேணவேண்டும். வழுவினால் மினுக்கம் கெட்டு வெண்பூச்சுத் தோன்றும்.

விண்வெளியும் வைத்தியசாலையும்

2013ஆம் ஆண்டில் நாசா எனப்படும் அமெரிக்க விண்வெளி நிறுவனம், டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு, விண்வெளிப் பயணிகளுக்கு உணவு அச்சிடும் வழியை ஆராய 125,000 டொலர் வழங்கியது. செவ்வாய்க் கிரகத்துக்குச் சென்று மீளும் நெடும் பயணத்தில் உணவு ஆண்டுக்கணக்காகக் கெடாதிருத்தல் வேண்டும். மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே உலர்ந்த நிலையில் வைத்திருந்து, உண்ணும் வேளையில் மட்டும் நீரும் எண்ணெயும் சேர்த்து அச்சிடலாம் என்பதே எண்ணம். பொறி பீட்சா ஒன்றை அச்சிட்டுக் காட்டியது. பத்திரிகைகள் அதனைப் பெரிதாக எழுதின. முதற்கட்டம் முடிந்தபின் நாசா அதனைத் தொடரவில்லை. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் கண்காட்சியிற் காட்டப்பட்ட சீனி அச்சுப்பொறியும் அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது, வரவில்லை. புதுப் பொறிகளைப் பற்றிய முதற் செய்திகளை, மழை பெய்யுமென்ற வதந்தியைக் கேட்பதுபோலவே கேட்கவேண்டும்: காதிற் போட்டுக்கொள்ளலாம், விதையை ஊறப் போடலாகாது.

ஆரவாரமின்றி நடைபெற்ற இன்னொரு முயற்சி இதனினும் மேலான கவனத்துக்குரியது. முதுமையாலும் பாரிசவாதத்தாலும் விழுங்கும் ஆற்றலை இழந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உளர். அவர்களுக்குச் சாதாரண உணவு ஆபத்தானது. ஒரு பருக்கை மூச்சுக்குழாயிற் சென்றாற் போதும், மூச்சுத் திணறலோ சுவாசப்பை நோயோ உண்டாகும். ஆகவே கரட்டும் இறைச்சியும் கிழங்கும் ஒரே தன்மையான கூழாக அரைத்து ஊட்டப்படுகின்றன. கிண்ணத்தில் உள்ளது எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது அறுபது ஆண்டுகள் சோறும் கறியும் வேறு வேறாகக் கண்டு உண்டவருக்கு, மூன்று வேளையும் ஒரே கூழை உண்ண மனம் செல்வதில்லை. உண்ணாமையால் உடல் மெலிகின்றது. மெலிவால் நோய் முதிர்கின்றது. வீட்டில் முதியவரைப் பராமரித்தோர் இதனை நன்கு அறிவர்.

ஜேர்மனியின் பயோசூன் நிறுவனத்தின் தலைமையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, 2012 முதல் 2015 வரை ஒரு திட்டம் இதற்கென நடைபெற்றது. கரட்டுக் கூழைக் கரட்டுப் போலவும், பயற்றங்கூழைப் பயறு போலவும் மீண்டும் அச்சிட்டுப் பரிமாறுவதே அதன் நோக்கம். தோற்றம் காய்கறியினது; வாயில் இட்டால் நாக்காலேயே நசுங்கிவிடும். அத்துடன், ஒருவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டுமாயின் அவருடைய தட்டில் மட்டும் அதனைச் சேர்க்கலாம். ஒரு சமையற்கூடத்தில் நூறு பேருக்கு நூறு வகையாகச் சமைத்தல் மனிதக் கையால் ஆகாது. பொறிக்கு அது பெரிதன்று. இவ்வொரு பயனுக்காகவேனும் இப்பொறி நிலைபெறுதல் நன்று.

அரிசியும் பொறியும்

எல்லாக் குழைவும் அச்சுக்கு உதவாது. அழுத்தும்போது இளகித் துளைவழியே செல்லவேண்டும். வெளியேறிய கணமே இறுகித் தன்மேல் வரும் படைகளைத் தாங்கவேண்டும். நீர் அதிகமானால் உருவம் சரியும். குறைந்தால் துளை அடைபடும். அரிசிமாவில் இவ்விரு குணங்களையும் தருவது அதிலுள்ள மாப்பொருளாகும்.

தீட்டிய அரிசியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மாப்பொருளே. அது மிக நுண்ணிய மணிகளாக உளது. நீரோடு சூடாக்கும்போது, இனத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 65 முதல் 80 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடித்துப் பசையாகின்றன. இடியப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றிக் குழைப்பதன் காரணமும் இதுவே; தண்ணீர் ஆறியிருந்தால் மா பிணையாமல் இழை அறுந்துபோவதை எந்த இல்லத்தரசியும் சொல்லுவார்.

மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெத்தின் என இரு கூறுகள் உள. அமைலோசு மிகுந்த அரிசியின் பசை ஆறியதும் விரைவாக இறுகி, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அமைலோபெத்தின் மிகுந்த பசையரிசியோ நெடுநேரம் பிசுபிசுப்பாகவே இருக்கும். இலங்கையிற் பயிராகும் நெல்லினங்களிற் பெரும்பாலானவை அமைலோசு மிகுந்தவை. சோறு உதிரி உதிரியாக அமைவதும், இடியப்பமும் பிட்டும் இந்நாட்டு அரிசியிற் செவ்வனே வருவதும் இதனாலேயாகும். வடிவம் குலையாது நிற்கவேண்டிய அச்சுப் பண்டங்களுக்கும் இக்குணம் துணைசெய்யும்.

அண்டை நாட்டில் இத்துறையில் உழைத்த நிலையம் ஒன்றின் வரலாறு நெல் விளைவிப்போர்க்கு ஆர்வமூட்டும். காவிரி வடிநிலத்தில் மழையில் நனைந்த நெல்லைக் கெடாமற் காக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டில் திருவாரூரில் ஒரு சிறு ஆய்வுகூடம் தொடங்கப்பட்டது. அது நெல் பதனிடல் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, தஞ்சாவூரில் நிலைகொண்டு, பின்னர் உணவுப் பதனிடல் அனைத்துக்குமான நிறுவனமாயிற்று. ஈர நெல்லுக்காக எழுந்த அந்நிலையத்திலேயே உணவு அச்சிடல் ஆய்வும் நடந்தது. முட்டையின் வெண்கருவும் மஞ்சட்கருவும் தனியே அச்சிட்டால் வழிந்தோடிவிடும். அரிசிமாவைச் சேர்த்தபோது அவை வடிவத்தில் நின்றன என 2020ஆம் ஆண்டில் அங்குள்ளோர் வெளியிட்டனர். அரிசிமா அங்கே உணவாக மட்டுமன்றித் தூணாகவும் நின்றது எனலாம்.

மரக்கறிகள்

மரக்கறியில் இடர் அதிகம். கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர். தக்காளியில் 94 பங்குக்கு மேல். அரைத்த கூழை அழுத்தும்போது நீர் முதலிற் பிரிந்து வெளியேற, நார் பின்தங்கித் துளையை அடைக்கும். எனவே கூழை நுண்ணிய அரிதட்டில் வடித்து, உருளைக்கிழங்கு மாப்பொருளோ பிசினோ சேர்த்துக் கெட்டியாக்குவர். மற்றொரு வழி, மரக்கறியை உலர்த்தித் தூளாக்கி, வேண்டும்போது நீர் சேர்ப்பது. நூறு இறாத்தல் கரட்டை உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறையப் பன்னிரண்டு இறாத்தலே என்பதனைக் கணக்கிற் கொள்ளவேண்டும்.

தூளுக்குத் தோற்றம் பொருட்டன்று. வளைந்த கரட், வெடித்த தக்காளி, சந்தையிற் கழிக்கப்படும் சிறிய கிழங்கு ஆகியன உலர்ந்து தூளானபின் நேர்த்தியானவற்றினின்றும் வேறுபடா. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 2018ஆம் ஆண்டளவில் எஞ்சிய பாணையும் கழித்த மரக்கறியையும் அரைத்து அச்சிட்டு மொறுமொறுப்பான பண்டமாக்கிய முயற்சியும் உண்டு. தோட்டத்திலும் சந்தையிலும் வீணாவதற்கு விலை கிடைக்குமாயின் அது ஆதாயமே.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கமக்காரர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதிய கரட் நெடுந்தூரம் செல்லமாட்டாது. அதனால் அண்மையிற் பயிரிடுவோருக்குச் சந்தையில் ஓர் இடம் உண்டு. தூளோ மாதக்கணக்காகக் கெடாது, எந்நாட்டிலிருந்தும் கப்பலில் வரும். வாங்குவோர் தூளை மட்டுமே வேண்டுவாராயின், நுவரெலியாக் கரட்டுக்கும் கடல் கடந்த கரட்டுக்கும் இடையே விலை ஒன்றே தீர்ப்பளிக்கும். பொறி வந்தால் வயல் வேண்டியதில்லை என்று சிலர் கூறுவது பேதைமை. பொறி எதனையும் விளைவிப்பதில்லை. எவருடைய வயல் என்பதே வினா. உலர்த்தும் சாலை கமக்காரரின் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்குமாயின் ஆதாயம் ஒரு வகையிலும், அயலார் கையில் இருக்குமாயின் வேறொரு வகையிலும் செல்லும்.

அன்றாட வீட்டுச் சமையலுக்கு இப்பொறி வருமோ என்ற ஐயத்துக்கு அதன் வேகமே விடை கூறும். உள்ளங்கையளவான ஒரு பண்டத்தை அச்சிடப் பல நிமிடங்கள், சில வேளைகளில் அரைமணி நேரமும் ஆகும். அந்நேரத்தில் ஒரு குடும்பத்துக்கான இடியப்பம் அவிந்துவிடும். குழாயும் துளையும் ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவப்படாவிடின் எஞ்சிய கூழிற் கிருமிகள் பெருகும். இத்தாலியின் பரில்லா நிறுவனம் ஒல்லாந்து ஆய்வாளருடன் கூடி, கோதுமை ரவையும் நீரும் கொண்டு பாஸ்ராவை அச்சிடும் பொறியை 2016இல் பார்மா நகரக் கண்காட்சியிற் காட்டியது. சாதாரண ஆலையில் ஆக்கமுடியாத விசித்திர வடிவங்களே அதன் சிறப்பு. மலிவான உணவை அது நாடவில்லை.

உலர்த்தித் தூளாக்குவதற்கென மரக்கறி விளைவிப்போர், அது அச்சுப்பொறிக்காயினும் சூப்புத் தூளுக்காயினும், ஒன்றிற் சிறப்பாகக் கவனஞ் செலுத்துதல் வேண்டும். உலர்த்தும்போது நீர் மட்டுமே நீங்குகின்றது. ஆவியாகாத பீடைநாசினி எச்சம் அப்படியே தங்கிவிடுகின்றது. பன்னிரண்டு இறாத்தல் தூளில் நூறு இறாத்தல் கரட்டின் எச்சமும் அடங்கியிருக்கும். ஆகையால், கடைசியாக மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே சிட்டையிற் குறிக்கப்பட்ட நாட்கள் முழுவதும் கழிதல் வேண்டும். தெளித்த நாள், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைப் பாத்திவாரியாக ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், வாங்குவோர் கேட்கும்போது காட்டலாம். அறுவடை செய்தவற்றை மண் போகக் கழுவி, அழுகிய பகுதிகளை வெட்டி நீக்கியபின்னரே உலர்த்தும் தட்டில் இடுதல் வேண்டும்.